குத்தாத கருவி, குளிர்ந்த விரல்

ராகிக் கொல்லையில் களை எடுத்து, விறகு சுமந்து காய்ப்புக் காய்த்துப்போன விரல். நகக்கண்ணில் மஞ்சள் கறை. சாமராஜநகர் பக்கம் மஞ்சள் விளைகிற பூமி, கிழங்கு வெட்டும் மாதங்களில் அந்தக் கறை சோப்புக்கெல்லாம் போகாது. மார்கழிக் குளிரில் விரல் நுனி சில்லிட்டிருக்கிறது. அதில் துணிக்குப் போடும் கிளிப் போன்ற ஒன்றை மாட்டுகிறார்கள். உள்ளே சிவப்பு வெளிச்சம் எரிகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம். திரையில் ஓர் எண் வந்து நிற்கிறது: 9.4.

விரலுக்குச் சொந்தக்காரி ஏழு மாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதுதான் அந்த எண். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 9.4 என்றால் சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். 6.8 என்றால் ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, ரத்தம் ஏற்றுதல். பிரசவத்தின்போது அரை லிட்டர் ரத்தம் போனால் நல்ல ரத்தம் உள்ளவள் தாங்கிவிடுவாள். ஏற்கெனவே ஆறில் நிற்பவளுக்கு அந்த அரை லிட்டர் உயிர்.

ஆக, அந்தச் சின்னத் திரையில் வரும் எண் ஒரு பெண்ணின் அடுத்த மூன்று மாதத்தைத் தீர்மானிக்கிறது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. அந்த எண் உண்மையா?

மலைக்கு எல்லை கிடையாது

பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூர் தாண்டிப் போனால் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூரு மாவட்டத்தோடு இருந்தது. இதில் உள்ள கொள்ளேகால், 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும் வரை நம்முடைய கோவை மாவட்டம். மாதேஸ்வரன் மலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். சந்தையில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், மீதிப் பேருக்குப் புரியும்.

யளந்தூரிலிருந்து மேலே ஏறினால் பிளிகிரி ரங்கன மலை. அங்கே காட்டுக்குள் இருப்பவர்கள் சோலிகர்கள். சத்தியமங்கலம் பக்கம் நாம் சோளகர் என்கிறோமே, அதே மக்கள்தான். 1981-ல் டாக்டர் எச். சுதர்சன் இந்த மலையில் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கியபோது மலைவாசிகளுக்கு மருத்துவம் என்பதே மைல் கணக்கில் நடந்து போய்த் தேடவேண்டிய ஒன்று. அவருக்கு 1994-ல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. இன்றைக்கு மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனாலும் மலைமேல் இருக்கும் ஒரு போடுவிலிருந்து (சோலிகர் குடியிருப்புக்கு அங்கே அதுதான் பெயர்) ஆய்வகத்துக்குப் போகும் தூரம் குறைந்துவிடவில்லை.

குத்தாமல் ரத்தம் பார்க்கும் கருவி யாருக்காவது வரப்பிரசாதம் என்றால் அது இந்த மக்களுக்குத்தான். அந்தக் கருவி அதிகமாகத் தடுமாறுவதும் இந்த மக்களின் விரலில்தான் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த முரண்பாட்டால்தான்.

பழுப்புக் கண்ணாடியிலிருந்து சிவப்பு வெளிச்சத்துக்கு

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு சாலி முறை ஞாபகம் இருக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் சாலி பெயரில் வந்தது. ஒல்லியான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். விரலைக் குத்தி, பிப்பெட்டில் 0.02 மில்லி ரத்தம் உறிஞ்சி அதில் விடுவார்கள். ரத்தம் பழுப்பாக மாறும். பத்து நிமிடம் பொறுத்து, காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டின் நிறத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னலோரம் நின்று பார்த்தால் ஓர் எண், டியூப் லைட்டில் பார்த்தால் இன்னோர் எண். செவிலியருக்குக் கண் மங்கியிருந்தால் கதையே வேறு.

உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் சயன்மெத்ஹீமோகுளோபின் முறை. ரத்தத்தை சயனைடு கலந்த கரைசலில் கரைத்து, 540 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது. நுணுக்கமானது. ஆனால் அந்தக் கரைசலை எந்தத் துணை சுகாதார நிலையத்தில் வைத்துப் பாதுகாப்பது, எங்கே கொட்டுவது? 1980-களில் சுவீடனின் ஹீமோக்யூ வந்தது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு பிளாஸ்டிக் தகடு, ஒரு நிமிடத்துக்குள் விடை. 2018-ல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டம் சாலி முறையை விட்டு டிஜிட்டல் ஹீமோகுளோபின் மீட்டருக்கு வரச் சொன்னது. அதுவும் குத்தித்தான் பார்க்க வேண்டும்.

குத்தவே வேண்டாம் என்று முதலில் பெரிய அளவில் சொன்னது அமெரிக்காவின் மாசிமோ நிறுவனம். விரலில் மாட்டும் உணர்வி பல அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தித் தொடர்ந்து ஹீமோகுளோபின் சொல்லும் அதன் கருவிக்கு 2008-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இஸ்ரேலின் ஆர்சென்ஸ், விரலில் மோதிரம்போல் ஒன்றை மாட்டி ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது. மும்பையில் மிஷ்கின் இங்காவாலேவும் அவரது நண்பர்களும், கிராமத்துத் தாய்மார்கள் ரத்தசோகை தெரியாமலேயே செத்துப்போகிறார்களே என்ற ஆதங்கத்தில் டச்ஹெச்பி என்ற கருவியைச் செய்தார்கள். 2012-ல் அவர் டெட் மேடையில் அதைக் காட்டியபோது அரங்கம் கை தட்டியது. புவனேஸ்வரத்தின் ஈஸ்ஆர்எக்ஸ் நிறுவனமும் இந்த வரிசையில் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், தானே தலசீமியா நோயாளியான ராப் மானினோ என்ற இளைஞர், செல்போனில் நகத்தைப் படம் பிடித்தால் ஹீமோகுளோபின் சொல்லும் செயலியை 2018-ல் உருவாக்கினார். இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஒவ்வொருவர் முயற்சிக்குப் பின்னாலும் ஒரு வலி இருக்கிறது.

டிக்காஷனும் டம்ளரும்

"ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்ததே, அது சரியாகத்தானே சொன்னது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பதில், இரண்டு கருவிகளும் போடும் கணக்கே வேறு என்பதில் இருக்கிறது.

1974-ல் ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தின் தகுவோ அயோயாகி கண்டுபிடித்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒரு விகிதத்தைத்தான் பார்க்கிறது. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டிருக்கிறது? சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறது. விரல் பருமனா ஒல்லியா என்பது வகுக்கும்போதே பெருமளவு அடிபட்டுப் போய்விடும்.

ஹீமோகுளோபின் அப்படியல்ல. அது விகிதம் அல்ல, அடர்த்தி. டிக்காஷனை நினைத்துப் பாருங்கள். சின்ன கண்ணாடி டம்ளரில் கெட்டி டிக்காஷன், பெரிய டம்ளரில் தண்ணி டிக்காஷன். பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரியக்கூடும். எவ்வளவு கெட்டி என்று சொல்ல வேண்டுமானால் டம்ளர் எவ்வளவு அகலம் என்று தெரிந்திருக்க வேண்டும். விரலுக்குள் ஓடும் ரத்தம் எவ்வளவு அகலமான டம்ளரில் இருக்கிறது? ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அது விரிந்து சுருங்குகிறது. தோல், கொழுப்பு, எலும்பு, நகம் எல்லாம் குறுக்கே நிற்கின்றன. கருவி அந்த அகலத்தை நேராக அளக்க முடியாமல், பல அலைநீளங்களை வைத்து ஒரு மதிப்பீட்டுக்கு வருகிறது. அந்த மதிப்பீட்டுச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே சில நூறு, சில ஆயிரம் மனிதர்களுக்கு ஆய்வகத்திலும் பார்த்து, கருவியிலும் பார்த்து, இரண்டையும் பொருத்தி எழுதியது. அந்த மனிதர்கள் யார், அவர்கள் விரல் எப்படிப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் சூத்திரம் நம் விரலில் பலிக்கும்.

எண்கள் சொல்வது

மாசிமோ நிறுவனமே தன் கருவிக்குக் கொடுத்திருக்கும் துல்லிய வரம்பைப் பாருங்கள். 8 முதல் 17 கிராம் வரை உள்ளவர்களுக்கு, கூடக் குறைய 1 கிராம். இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த "கூடக் குறைய 1" என்பது மூன்றில் ஏறக்குறைய இரண்டு அளவீடுகளுக்கு மட்டும் பொருந்தும் புள்ளியியல் கணக்கு. மூன்றாவது அளவீடு அதைத் தாண்டிப் போகலாம். இரண்டாவது, வரம்பே 8-ல்தான் தொடங்குகிறது. நமக்கு உயிர் போகும் கோடு 7-ல் இருக்கிறது.

2014-ல் அனஸ்தீஷியா அண்ட் அனல்ஜீசியா இதழில், இவ்வகைக் கருவிகளை ஆய்வகத்தோடு ஒப்பிட்ட 32 ஆய்வுகளை, 4,425 பேரின் அளவீடுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. சராசரி வித்தியாசம் வெறும் 0.10 கிராம். விளம்பரத்தில் போட அது போதும். ஆனால் தனி ஆளுக்கு வித்தியாசம் எவ்வளவு விரிகிறது என்று பார்த்தால், 100-ல் 95 அளவீடுகள் ஆய்வக எண்ணுக்கு 2.59 கீழேயிருந்து 2.80 மேலே வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். உண்மையில் 10 உள்ள ஒருத்திக்கு அந்தக் கருவி 7.4 என்றும் சொல்லலாம், 12.8 என்றும் சொல்லலாம். முதல் எண்ணில் பயந்து ஓடவேண்டும். இரண்டாவதில் உனக்கு ரத்தசோகையே இல்லை போ என்று அனுப்பிவிடுவார்கள். பெண் ஒருத்தி, விரல் ஒன்று.

இதே கணக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். உண்மையில் 6 கிராம் மட்டுமே உள்ள நான்கு பெண்களில் ஒருத்திக்கு, இந்த அளவு சிதறல் உள்ள கருவி 7-க்கு மேல் காட்டும். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். போதாததற்கு, ஹீமோகுளோபின் குறையக் குறைய இந்தக் கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கு ஆய்வுக்கு ஆய்வு தென்படுகிறது. அப்படியானால் நிலைமை நான் போட்ட கணக்கைவிட மோசம்.

அமெரிக்க ஆய்வகங்களின் தரச் சோதனையில் ஹீமோகுளோபினுக்கு அனுமதித்த பிழை 7 சதவீதமாக இருந்தது. 2025-லிருந்து 4 சதவீதம். 10 கிராமுக்கு 0.4. அந்த 0.4-ஐயும் மேலே சொன்ன 2.8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. கருவி விற்பவர்கள் "ஆய்வகத்தோடு எங்கள் கருவிக்கு 0.9 ஒட்டுறவு" என்று பெருமையாகச் சொல்வார்கள். புள்ளியியலாளர்கள் மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-லேயே லான்செட் இதழில் இதை உடைத்துக் காட்டினார்கள். பத்து நிமிடம் தாமதமாக ஓடும் கடிகாரம் சரியான கடிகாரத்தோடு முழு ஒட்டுறவில்தான் ஓடும். ஆனாலும் அதை நம்பினால் பஸ்ஸைத் தவறவிடுவீர்கள். கேட்கவேண்டியது ஒட்டுறவு அல்ல, உடன்பாடு: ஒருத்திக்கு இந்தக் கருவி காட்டும் எண்ணும் ஆய்வக எண்ணும் எவ்வளவு விலகி நிற்கும்? கொள்முதல் செய்யும் அதிகாரிகள் மேஜையில் இந்த ஒரு கேள்வி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

அந்த விரலுக்குத் திரும்புவோம்

குளிரில் விரல் நுனி ரத்த நாளங்கள் சுருங்கிக்கொள்ளும். நாடித் துடிப்பின் அலை மெலியும். அந்த அலையை வைத்துத்தான் கருவி கணக்கே போடுகிறது. அலை மெலிந்தால் கணக்கு ஆட்டம் காணும். விரல் அசைந்தாலும், வெளி வெளிச்சம் உள்ளே புகுந்தாலும் இதேதான். குழந்தையின் விரலில் ஒரு நிமிடம் இதை மாட்டி வைத்துப் பாருங்கள், தெரியும். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் ஒளிக்குக் குறுக்கே நிற்கும்.

தோலின் நிறம்? 2020 டிசம்பரில் மைக்கேல் ஜோடிங்கும் சக ஆய்வாளர்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது ஒரு பெரிய விழிப்பைத் தந்தது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை, அதாவது பரவாயில்லை என்று காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்கும் கீழே கிடந்த நோயாளிகள், மிச்சிகன் மருத்துவமனையில் கறுப்பின மக்களிடையே 11.7 சதவீதம், வெள்ளையர்களிடையே 3.6 சதவீதம். கொரோனாவில் யாருக்கு ஆக்சிஜன் தருவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று அந்தக் கிளிப்தான் முடிவு செய்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பல்ஸ் ஆக்ஸிமீட்டர்களைப் பலவித நிறமுள்ளவர்களிடம் போதுமான எண்ணிக்கையில் சோதிக்கச் சொல்லி வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. அரை நூற்றாண்டு கழித்து. விகிதத்தை மட்டும் பார்க்கும் எளிய கருவிக்கே இந்தக் கதி என்றால், அடர்த்தியைச் சொல்ல முயலும் கருவியை சோலிகர்களின், இருளர்களின், நம்முடைய கறுத்த விரல்களில் சோதிக்காமல் நம்பலாமா?

இந்த மலைகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் மரபணு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் பதிவுகளில் ஒன்று. பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவில் இருப்பது ஒரு சோதனைச் சாவடி மட்டுமே, ரத்தத்துக்கு அது தெரியாது. சாமராஜநகரின் சோலிகர்களிடமும் இந்த மரபணு உண்டு. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 2047-க்குள் இதைக் கட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று மட்டும் சொல்லும் கருவி, அது எப்படிப்பட்ட ஹீமோகுளோபின் என்று சொல்லாது. அரிவாள் செல் நோயால் ஒருவருக்கு ரத்தம் எட்டாக இருக்கலாம். அவருக்கு இரும்புச் சத்து மாத்திரையை அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. கரைதிறன் சோதனையும் எச்.பி.எல்.சி. சோதனையும் செய்தாக வேண்டும். அதற்கு ரத்தம் எடுத்தே ஆக வேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். காற்று மெலிந்த இடத்தில் உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 500 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே 0.4 கிராமும், 1,000 மீட்டரைத் தாண்டினால் 0.8 கிராமும் வரம்பில் கூட்ட வேண்டும். பிளிகிரி மலையின் ரங்கசாமி கோயிலை நெருங்கும் உயரத்தில் 11.2 காட்டும் கர்ப்பிணி, சென்னையின் கணக்கில் தேறிவிடுவாள். மலையின் கணக்கில் அவளுக்கும் ரத்தசோகைதான். எந்தக் கருவியாக இருந்தாலும் அந்தத் திருத்தத்தை யாராவது மனிதர்தான் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் சித்தி மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஒரு முகாமில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். எந்த ஊர், எந்த முகாம் என்பது இங்கே வேண்டாம். 11.3 காட்டியது. "எச்.பி. நல்லா இருக்கும்மா" என்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரை சாப்பிட்டால் வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள். நல்லா இருக்கே, அப்புறம் எதற்கு?

ஒரு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "மாசமா இருந்தா அப்படித்தான்டி" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஒருநாள் சித்தி அவள் கண்ணில் விழுந்த தூசியை எடுக்க கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். செம்பருத்திபோல இருக்கவேண்டிய இடம் கழுவிவைத்த அரிசிபோல் வெளுத்திருந்தது. மறுநாள் கையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 7.9. நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்தது, பெண் குழந்தை. பிறகொரு நாள் அவள் கேட்டாள், "அண்ணா, அன்னைக்கு மிஷின்ல சரியாத்தானே காட்டுச்சு?"

ஒரு மாதத்தில் அவள் ரத்தம் இறங்கியும் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி ஹீமோகுளோபின் நீர்த்துப்போவது இயல்பு. ஆகவே கருவிதான் பொய் சொன்னது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 11.3 என்று தசம புள்ளியோடு சொன்ன அந்த எண், தன் பக்கத்தில் "கூடக் குறைய 2" என்றும் காட்டியிருந்தால் அவள் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டாள். கருவியின் தவறைவிட அந்தத் தசம புள்ளிதான் எங்களை ஏமாற்றியது.

குத்தினாலும் நிச்சயமில்லை

ஊசி குத்திப் பார்ப்பது மட்டும் வேதவாக்கா என்றால், அதுவும் இல்லை. இதை மறைத்துவிட்டுக் குத்தாத கருவியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

2015-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மேகன் பாண்டும் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ் கோர்ட்டமும் ஒரே விரலில், ஒரே குத்தலில் வந்த அடுத்தடுத்த சொட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். சொட்டுக்குச் சொட்டு ஹீமோகுளோபின் மாறியது. நரம்பில் எடுத்த ரத்தத்தின் துல்லியம் வர வேண்டுமானால் ஆறு முதல் ஒன்பது சொட்டுகள் வரை சராசரி எடுக்க வேண்டியிருந்தது. விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து எண் இறங்கும். நம் ஊரில் விரலைப் பிழியாமல் யார் எடுக்கிறார்கள்?

இந்த ஒற்றைச் சொட்டின் விளைவை நாடே பார்த்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு விரல் சொட்டை வைத்துத்தான் அளந்தது. 2015-16-ல் 58.6 சதவீதமாக இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தசோகை, 2019-21-ல் 67.1 என்றானது. கர்நாடகத்தில் 65.5, தமிழ்நாட்டில் 57.4. ஆனால் 2016-18-ல் நரம்பு ரத்தத்தை எடுத்துப் பார்த்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம்தான் என்றது. வயது வரம்பு கொஞ்சம் வேறு. அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாட் போன்றவர்கள் அளக்கும் முறையையே கேள்வி கேட்டார்கள். ஆரோக்கியமான இந்தியக் குழந்தைகளுக்கு வரம்பே தாழ்வாக இருக்கலாம் என்று 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வாதிட்டார்கள். அதன்பின் அடுத்த கணக்கெடுப்பிலிருந்து ரத்தசோகைச் சோதனை எடுக்கப்பட்டு, நரம்பு ரத்தத்தில் பார்க்கும் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2024-ல் நரம்பு ரத்தமும் தானியங்கி ஆய்வகக் கருவியும்தான் முதல் தேர்வு என்று எழுதியிருக்கிறது.

ஆக, குத்தாத கருவியை எதோடு ஒப்பிட்டோம் என்பதே பாதி விடை. விரல் சொட்டோடு ஒப்பிட்டு "நூற்றுக்குத் தொண்ணூறு பொருந்துகிறது" என்றால், ஆடும் நாற்காலியைப் பார்த்து இன்னொரு நாற்காலிக்குக் கால் அறுத்ததுபோல் ஆகிவிடும்.

எங்கே வைத்துக்கொள்ளலாம்

எனக்கு இந்தக் கருவிகள் மேல் வெறுப்பில்லை. அறுவைச் சிகிச்சை அரங்கில், மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் விரலில் இதை மாட்டி வைத்து, ஆரம்பத்திலேயே ஆய்வக எண்ணோடு ஒருமுறை பொருத்திக்கொண்டால், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்கலாம். உள்ளே ரத்தம் கசிவதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடும். அங்கே தனி எண்ணைவிடப் போக்குதான் முக்கியம். எமரி செயலியிலும் இதே பாடம் இருக்கிறது. யாரென்று தெரியாத ஒருவருக்கு அதன் பிழை 2.4 கிராம் வரை. அதே ஆளுக்கு அவருடைய சொந்த ஆய்வக எண்களை வைத்துப் பழக்கினால் 1-க்கும் கீழே, 0.92 வரை இறங்கிவிடுகிறது. தலசீமியா நோயாளி மாதாமாதம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள அது பெரிய உதவி. முதன்முறை முகாமுக்கு வரும் மலைவாசிப் பெண்ணுக்கு அந்தச் சொந்தக் கணக்கு எங்கே இருக்கும்?

ரத்ததான முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் ஒரு சொட்டு ரத்தத்தை விடுவார்கள். முழுகினால் 12.5-க்கு மேல், தரலாம். மிதந்தால் தரக்கூடாது. அந்த இடத்தில் குத்தாத கருவியை வைத்து, அது தவறினால் நல்ல உடம்போடு வந்த ஒருவர் கொஞ்சம் சோர்வார். கர்ப்பிணியிடம் தவறினால் அந்தச் சமாதானம் இல்லை. ஒரே பிழை, இரண்டு விலை.

சாமராஜநகர் போன்ற ஒரு மாவட்டத்தில் இதை வாங்கத்தான் போகிறோம் என்றால், வாங்குமுன் அங்கேயே, அந்த மக்களிடமே சோதிக்க வேண்டும். கருவித் தயாரிப்பாளர் தரும் தாளை வைத்தல்ல. ஹனூர், யளந்தூர், குண்டல்பேட்டை, மலைமேல் உள்ள போடுகள், மழைக்காலம், வெயில்காலம், கர்ப்பிணி, குழந்தை, கூலிக்காரர். அதே நேரத்தில் நரம்பு ரத்தம் எடுத்து மாவட்ட ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். 7-ஐச் சுற்றியும் 11-ஐச் சுற்றியும் கருவி எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். சராசரியை யாரும் காட்ட வேண்டாம். மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் இது முடியாத காரியம் இல்லை. ஓர் ஆண்டு, சில மாணவர்கள், ஒரு நேர்மையான புள்ளியியலாளர்.

அதுவரை கருவியைச் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். ஊசிக்குப் பயந்து முகாமுக்கே வராத குழந்தைகளையும் பெண்களையும் இது வரவழைக்கும் என்றால் அதுவே லாபம். விரலை இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி, கறையைத் துடைத்து, உட்காரவைத்து, இரண்டு முறை பார்க்கலாம். கருவி 9-க்குக் கீழே சொன்னாலும் சரி, அல்லது கருவி என்ன சொன்னாலும் இமை வெளுத்திருந்தாலும் சரி, மூச்சு வாங்கினாலும் சரி, நரம்பில் ரத்தம் எடுத்துவிட வேண்டும். 9 என்பது நானாகச் சொல்லும் எச்சரிக்கைக் கோடு. உள்ளூர்ச் சோதனை அதைப் பத்துக்கும் ஏற்றலாம். மாத்திரையை மட்டும் எந்த எண்ணைப் பார்த்தும் நிறுத்தச் சொல்லக்கூடாது. கர்ப்பிணிக்கான அந்தச் சிவப்பு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், ரத்தசோகை இல்லாதவளுக்கும் தான்.

நரம்பில் எடுத்த ரத்தத்தை ஊதா மூடி போட்ட சின்னக் குப்பியில் விடுவார்கள். உள்ளே உறையாமல் காக்கும் மருந்து தடவியிருக்கும். ஹீமோகுளோபின் பார்க்க அந்த ரத்தம் ஒரு நாள் வரை கெடாது. மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, பெயரையும் போடுவின் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். மலையிலிருந்து யளந்தூருக்கு பஸ் இறங்குகிறது. அங்கிருந்து சாமராஜநகருக்கும் பஸ் இருக்கிறது. அந்தக் குப்பியை யார் கையில் கொடுத்தனுப்புவது, விடை வந்ததும் மலைமேல் யார் போய்ச் சொல்வது என்ற இரண்டுக்கும் ஆள் குறித்துவிட்டு, அதன்பிறகு முகாமுக்குத் தேதி வையுங்கள்.